ஒரு சொல்லுக்கு மாதம் 12,000 ரூபாய்

பில்லில் அந்த வரி முதன்முதலாக ஜூலையில் வந்தது. 'கூடுதல் கவனிப்பு – 12,000'. அம்மா முதியோர் ஹோமில் சேர்ந்து அது ஐந்தாவது மாதம். போன் போட்டுக் கேட்டேன். மேனேஜர் பொறுமையாகத்தான் பேசினார். "அம்மா ராத்திரியில ரொம்ப முரண்டு பண்றாங்க மேடம். அடிக்கறாங்க, தள்றாங்க. அவங்களுக்குன்னு தனியா ஆள் வேண்டியிருக்கு." எங்கள் அம்மாவா என்று கேட்டேன். பெங்களூர் அல்சூரில், ஜோகுபாளையாவில் கிட்டத்தட்ட 60 வருஷம் குடித்தனம் செய்து, பக்கத்து வீட்டாரிடம் ஒருநாள்கூடக் குரல் உயர்த்தாத மனுஷி. டிமென்ஷியா என்ற இந்த மறதி நோய் முற்றினால் குணமே மாறிவிடும், குடும்பத்தில் யாரும் முதலில் நம்பமாட்டார்கள் என்றார். நானும் அப்படித்தான் படித்திருந்தேன். நம்பினேன். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் என்று மூன்று மாதம் மறுபேச்சில்லாமல் கட்டினேன். அந்த 36,000 ரூபாய் எதற்குப் போனது என்று தெரிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் ஆறவில்லை. அம்மா முரட்டுத்தனம் செய்கிறார் என்று சொன்னவுடன் நம்பினேனே, அதுதான் ஆறவில்லை.

பெற்றவளை ஹோமில் சேர்க்கலாமா கூடாதா என்ற பஞ்சாயத்துக்குள் நான் போகப் போவதில்லை. அதைச் சொந்தக்காரர்கள் போதுமான அளவு பேசிவிட்டார்கள். இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆன 79 வயது அம்மாவை, டிமென்ஷியாவோடு, ராத்திரி மூன்று முறை எழுப்பித் தூக்கி உட்காரவைக்க எனக்கு உடம்பில் வலு இல்லை. ஏஜென்சி மூலம் வந்த பெண்கள் இரண்டு மாதத்துக்கு மேல் தங்கவில்லை. ஹென்னூர் பக்கம் ஒரு ஹோமில் சேர்த்தோம். சரி, அதோடு விடுகிறேன்.

கணக்கு

பணத்தைப் பற்றி யாரும் வெளிப்படையாக எழுதுவதில்லை என்பதால் எங்கள் கணக்கை அப்படியே எழுதுகிறேன். இரண்டு பேர் தங்கும் அறை, சாப்பாடு, வரி எல்லாம் சேர்த்து மாதம் 42,000. இதை மட்டும்தான் சேர்க்கும்போது சொல்வார்கள். ஒரு நாளைக்கு நான்கு டயப்பர், கையுறை, ஈரத் துடைப்பான் எல்லாம் 5,400. மருந்து 3,800. ஆக 51,200. இது போக மூன்று மாதத் தொகை டெபாசிட். வருஷத்துக்கு ஒருமுறை கட்டணம் ஏறும்.

வரவுப் பக்கம் இது. அப்பா தூரவாணிநகரில், டெலிபோன் தயாரித்த மத்திய அரசின் ஐடிஐ தொழிற்சாலையில் இருந்தவர். அங்கே வேலை பார்த்தவர்கள் என்றால் பென்ஷன் நிறைய வரும் என்று வெளியில் ஒரு நினைப்பு உண்டு. தொழிலாளர் ஓய்வூதியத் திட்டமே 1995 நவம்பரில்தான் வந்தது; அதற்குப் பிறகு சில வருஷம் மட்டும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களுக்கு அதில் என்ன சேரும்? அப்பா போனபின் அம்மாவுக்கு வருவது 1,240 ரூபாய். குறைந்தபட்சம் 1,000 என்று 2014-ல் நிர்ணயித்தார்கள். அதைத் தாண்டியதே எங்களுக்கு ஆறுதலாக இருந்தது. அடுத்தது, மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம். அதில் அதிகபட்சம் 30 லட்சம் போடலாம், நாங்கள் போட்டபோது வட்டி 8.2 சதவீதம். அப்பாவின் பிஎஃப்பில் மிஞ்சியதும், போளூர்ப் பக்கம் அம்மாவுக்குப் பங்காக வந்த கொல்லையை விற்ற பணமும் சேர்த்து அந்த 30 லட்சத்தை எப்படியோ நிரப்பியிருந்தோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500, அதாவது மாதம் 20,500. மாடி வீட்டு வாடகை 14,000. மொத்தம் 35,740. மீதியை நானும் தம்பியும் போட்டோம். கீழ் வீட்டைப் பூட்டியே வைத்திருந்தோம். அம்மா திரும்பி வருவார் என்று சொல்லிக்கொண்டோம். அவருடைய புடவைகள் பீரோவில் மடித்தபடி இருந்தன.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று கேட்பவர்களுக்காக ஒன்று. இடுப்பு ஆபரேஷனுக்குத் தம்பியின் பாலிசி கைகொடுத்தது. டிஸ்சார்ஜ் ஆன மறுநிமிஷம் எல்லாம் நம் செலவு. குளிப்பாட்டுவது, உடுத்திவிடுவது, நடக்கவைப்பது போன்ற அன்றாட உதவிகள் வீட்டிலானாலும் ஹோமிலானாலும் சேராது என்று பாலிசிகளின் விலக்குப் பட்டியலில் ஐந்தாம் எண்ணில் அச்சிட்டே வைத்திருக்கிறார்கள். எந்த கம்பெனி பாலிசியிலும் இதே எண்ணில் இதே வாசகத்தைப் பார்க்கலாம். 70 வயதான எல்லோருக்கும் 5 லட்சம் என்று 2024 அக்டோபரில் விரிவாக்கிய ஆயுஷ்மான் திட்டமும் மருத்துவமனைப் படுக்கையோடு நின்றுவிடும்.

தம்பி புனேயிலிருந்து ஒருநாள், "அக்கா, அப்பா வீட்டு மேல ரிவர்ஸ் மார்ட்கேஜ் வாங்கலாமே" என்றான். வீட்டை அடமானமாக வைத்துக்கொண்டு பேங்க் நமக்கு மாதாமாதம் பணம் தரும் திட்டம். 2007-ல் தேசிய வீட்டுவசதி வங்கி கொண்டுவந்தது. விதிகளைத் தேடிப் படித்தேன். வீட்டுக்காரர் அந்த வீட்டிலேயே குடியிருக்க வேண்டும். முதியோர் பராமரிப்புக்காக ஒரு நிறுவனத்துக்கு நிரந்தரமாகப் போய்விட்டால் கடனைத் திருப்பிக் கட்ட வேண்டும். முதுமையில் கைகொடுக்க என்று போட்ட திட்டம், முதுமைச் செலவு உச்சத்தில் இருக்கும்போது கையை விட்டுவிடுகிறது. அதுவுமில்லாமல் அம்மா கையெழுத்துப் போட்டால்தானே? பவர் எழுதி வாங்கியிருக்கலாம் என்றால், எழுதிக் கொடுத்தவர் புத்தி சுவாதீனம் இழந்தால் அந்தப் பவர் செல்லாமல் போய்விடும். நம் ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவு அப்படி. அப்பா இருக்கும்போதே பேங்க் கணக்கில் என் பெயரையும் 'இருவரில் ஒருவர்' என்று சேர்த்துவைத்தார். அந்த ஒரு காரியத்தால்தான் இன்றைக்குப் பணம் எடுக்க முடிகிறது. பெற்றோர் தெளிவாக இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நாலு மொழி, மூணு மொழி, ஒரு மொழி

அம்மா 19 வயதில் கல்யாணமாகி அல்சூருக்கு வந்தபோது போளூர்ப் பக்கத்துத் தமிழ் மட்டும்தான் தெரியும். காய்கறிக்காரியிடம் கன்னடம் கற்றுக்கொண்டார். பக்கத்துப் போர்ஷன்காரர்கள் தெலுங்கு. பிறகு டிவி பார்த்துக் கொஞ்சம் இந்தி. இதில் விசேஷம் ஒன்றுமில்லை. அல்சூர், காக்ஸ் டவுன், ஸ்ரீராம்புரம் பக்கம் எந்த வீட்டிலும் அம்மாக்கள் இப்படித்தான். பள்ளிக்கூடம் முடிக்காதவர்கள் நாலு மொழியில் பேரம் பேசுவார்கள்.

நோய் வந்தபோது அவை வந்த வரிசைக்கு எதிர் வரிசையில் போயின. முதலில் இந்தி. பிறகு தெலுங்கு. வீட்டு வேலைக்கு வரும் பெண்ணிடம் தமிழில் பேசி, அவள் விழிப்பதைப் பார்த்து இவர் கோபித்துக்கொண்டபோது கன்னடமும் போய்விட்டது என்று தெரிந்தது. பின்னால் கற்ற மொழி முன்னால் உதிர்வது பலருக்கு நடப்பதுதான் என்றார் நரம்பியல் டாக்டர். ஆனால் தமிழுக்குள்ளேயும் அந்த உதிர்வு நடக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எங்களோடு பேசிய பெங்களூர்த் தமிழ், பாதி கன்னடமும் இங்கிலீஷும் கலந்த அந்தத் தமிழ், மெல்லக் கழன்று விழுந்து, அடியிலிருந்து அவருடைய ஊர்த் தமிழ் மேலே வந்துகொண்டிருந்தது. 'பாத்ரூம்' என்ற சொல் எந்த மாதத்தில் அவரிடமிருந்து போனது என்று எனக்குத் தெரியாது. வாரத்தில் இரண்டு நாள், பார்வையாளர் நேரத்தில், டயப்பர் மாற்றி பவுடர் போட்டு உட்காரவைத்த பிறகு போய்ப் பார்க்கிற மகளுக்கு எப்படித் தெரியும்?

விடியாத நேரம்

அக்டோபரில் ஒரு கல்யாணத்துக்குச் சென்னை போய்விட்டு ராத்திரி ரயிலில் திரும்பினேன். கண்டோன்மெண்டில் இறங்கியபோது இன்னும் விடியவில்லை. முந்தின நாள் ரிப்போர்ட்டில் 'இரவு முழுவதும் தூங்கவில்லை, ஒத்துழைக்கவில்லை' என்று வாட்ஸப்பில் வந்திருந்தது. வீட்டுக்குப் போகாமல் நேராக ஹென்னூருக்கு ஆட்டோ பிடித்தேன். பார்வையாளர் நேரம் காலை 11 மணிக்குத்தான். வாட்ச்மேன் முகம் தெரிந்தவர், கேட்டைத் திறந்துவிட்டார்.

முதல் மாடி நடைவழியிலேயே அம்மாவின் குரல் கேட்டது. அவருடைய கட்டிலை நர்ஸ் மேசைக்கு எதிரே கொண்டுவந்து போட்டிருந்தார்கள். இரண்டு பக்கத் தடுப்புக் கம்பியும் ஏற்றியிருந்தது. ஒடிசாவிலிருந்து வந்த அட்டெண்டர் பெண், 21 வயதுதான் இருக்கும், அம்மாவின் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டிருந்தாள். அழுத்திக்கூட இல்லை, குழந்தை கையைப் பிடிப்பதுபோல்தான். அம்மா எழுந்திருக்கத் திமிறிக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போவதற்குள் நைட் டூட்டி நர்ஸ் எழுந்து வந்தார். ஹாசன் பக்கத்துக்காரர், கன்னடம்தான் பேசுவார். என்னைப் பார்த்ததில் அவருக்குப் பதற்றம். "யாவாகலூ 'கொல்லக்கே, கொல்லக்கே' அந்தாரெ மேடம். யாரன்ன கொல்லபேக்கோ கொத்தில்ல" என்றார். எப்போது பார்த்தாலும் கொல்ல வேண்டும், கொல்ல வேண்டும் என்கிறார், யாரைக் கொல்ல வேண்டுமோ தெரியவில்லை.

அப்போது அம்மா இன்னொரு முறை சொன்னார். என் காதால் கேட்டேன். "கொல்லைக்குப் போவணும்."

என் பாட்டி வீட்டில், கோடை விடுமுறையில் காதில் விழுந்த சொல் அது. எங்கள் ஊர்ப் பக்கம் கொல்லை என்றால் மானாவாரி நிலம். வீட்டில் கக்கூஸ் கட்டாத காலத்தில், பெண்கள் விடியுமுன்னே இருட்டோடு சொம்பை எடுத்துக்கொண்டு அங்கேதான் போவார்கள். கொல்லைக்குப் போவணும் என்றால் அதுதான். நான் அந்தச் சொல்லைக் கேட்டு 40 வருஷம் ஆகியிருக்கும். அம்மாவுக்கு வந்திருந்தது சாதாரணத் தேவை. நேரமும் அதே நேரம்தான், விடியுமுன். டயப்பரிலேயே போகச் சொல்லி எல்லோரும் கையைப் பிடித்தார்கள். அவரால் அது முடியவில்லை. புத்தியில் எவ்வளவோ போயும் அந்தக் கூச்சம் மட்டும் போகவில்லை. அதனால் கையைத் தட்டிவிட்டார், தள்ளினார். அது ரிப்போர்ட்டில் 'அடிக்கிறார்' ஆனது. அவர் சொன்ன சொல் கன்னடக் காதில் கொலையாக விழுந்தது. அதைக் கேட்டு, வாரம் ஒருமுறை வரும் டாக்டர் ஆகஸ்டில் தூக்கத்துக்கும் வெறி அடங்கவும் ஒரு மாத்திரை எழுதினார். செப்டம்பரில் அதையே இரண்டாக்கினார். டிமென்ஷியா வந்த முதியவர்களுக்கு இந்த வகை மாத்திரைகள் சாவு அபாயத்தைக் கூட்டும் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டி எச்சரிக்கச் சொல்லியிருக்கிறது. அதை நான் அந்த அக்டோபருக்குப் பிறகுதான் படித்தேன்.

கம்பியை இறக்கி, வாக்கரைக் கொண்டுவரச் சொல்லி, நானும் அந்தப் பெண்ணுமாக அம்மாவை டாய்லெட்டுக்கு நடத்திப் போனோம். பத்தடி இருக்கும். போய் உட்கார்ந்தவுடன் அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு பெருமூச்சு விட்டார். மணிக்கட்டு இரண்டிலும் வளையல் போடும் இடத்தில் லேசாக நீலம் பாரித்திருந்தது. அங்கே நின்றபடியே நான் அழுதேன். ஒடிசாப் பெண் என்னைவிட அதிகமாக அழுதாள்.

தனி ஆள்

அவளோடு அன்று காலை படிக்கட்டில் உட்கார்ந்து பேசினேன். ராத்திரியில் அந்த மாடியில் ஒன்பது பேருக்கு அவள் ஒருத்தி. 12 மணி நேர டூட்டி. தங்க இடம், சாப்பாடு போகக் கையில் 13,000. அம்மாவுக்கென்று தனி ஆள் யாரும் வரவில்லை. கட்டிலை நர்ஸ் மேசைக்கு எதிரே நகர்த்தியதும் மாத்திரையும்தான் 'கூடுதல் கவனிப்பு'. ஒன்பது பேரில் இரண்டு பேரைப் படுக்கைப் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட வேண்டும். அப்போது அம்மா எழுந்து விழுந்துவிட்டால் அவள் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று பயம். "அஜ்ஜி என்ன கேட்கிறார் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் கூட்டிக்கொண்டு போயிருப்பேனே" என்று அவளுக்குத் தெரிந்த இந்தியில் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள்மேல் எனக்கு ஒரு நிமிஷம்கூடக் கோபம் வரவில்லை.

கோபம் வந்தது அதற்கு அப்புறம். கிச்சனில் பாத்திரம் தேய்க்கும் அம்மா கிருஷ்ணகிரிக்காரர். விஷயம் பரவியதும் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "நான் அப்பவே சொன்னேங்க, அந்தம்மா கொல்லைக்குத்தான் கேக்கறாங்கன்னு. கிச்சன் ஆளு வார்டுக்குள்ள வரக்கூடாதுன்னுட்டாங்க." மூன்று மாதம் ஒரு கட்டடத்தில் ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார், இன்னொருவருக்கு அது புரிந்தே இருந்திருக்கிறது. நடுவில் ஒரு கதவு.

சேர்ப்பதற்கு முன் நான் ஏழு ஹோம் பார்த்தேன். ஆம்புலன்ஸ் உண்டா, சிசிடிவி உண்டா, அறையில் வெளிச்சம் வருமா, சாம்பாரில் காரம் எவ்வளவு என்றெல்லாம் நோட்டில் எழுதி ஒப்பிட்டேன். ராத்திரி இரண்டு மணிக்கு அம்மா கூப்பிட்டால் யார் வருவார், அவர் எத்தனை பேரைப் பார்க்கிறார், அவருக்கு என்ன மொழி தெரியும், என்ன சம்பளம், எத்தனை மாதமாக இங்கே இருக்கிறார், இதில் ஒன்றைக்கூட நான் கேட்கவில்லை. 42,000 ரூபாய் கொடுத்து நான் வாங்கியது அந்த ஆளின் கையையும் காதையும்தான் என்று எனக்கு உறைக்கவே இல்லை. பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. பிள்ளைகளிடமிருந்து மாதம் 10,000 வரை ஜீவனாம்சம் வாங்கித் தர வழி சொல்கிறது; ஆதரவற்ற 150 பேராவது தங்கும்படி மாவட்டத்துக்கு ஒரு முதியோர் இல்லம் என்கிறது. ஒரு மாடிக்கு ராத்திரி எத்தனை பேர் விழித்திருக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் ஒரு வரி இல்லை. இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம், சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கும் என்று 2023-ல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. ஊர்விட்டு வந்து நாலு மொழி கற்றவர்கள் அதில் எத்தனை பேரோ, கடைசியில் அவர்கள் எந்த மொழியில் கூப்பிடுவார்களோ.

ஹோமை மாற்றிவிடு என்றான் தம்பி. நானும் யோசித்தேன். இடம் மாறினால் இந்த நோயாளிகள் மேலும் தடுமாறுவார்கள், அந்தப் பெண்ணுக்கும் அம்மாவுக்கும் அதற்குள் ஒரு பழக்கம் விழுந்திருந்தது. மேனேஜரிடம் உட்கார்ந்து பேசினேன். ஒரு மாதக் கூடுதல் கட்டணத்தை அடுத்த பில்லில் கழித்தார்கள், மீதி இரண்டு மாதத்துக்குப் பதில் வரவில்லை. கட்டில் அறைக்குத் திரும்பியது. எங்கள் நரம்பியல் டாக்டர் அந்த மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து ஐந்து வாரத்தில் நிறுத்தினார். கிருஷ்ணகிரி அம்மா ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒருமுறை, விடிகாலை டீ போடுமுன் ஒருமுறை மாடிக்கு வந்து பார்க்க அனுமதி கேட்டு வாங்கினேன். அதற்கு அவருக்கு மாதம் 2,000 நானே கொடுக்கிறேன். கீழ் வீட்டைக் காலி செய்து வாடகைக்கு விட்டோம். அம்மாவின் புடவைகளை நான்கு நாள் உட்கார்ந்து பிரித்தேன்.

ஓர் அட்டையில் 34 சொல் எழுதிக் கட்டில் தலைமாட்டில் மாட்டினேன். இடது பக்கம் அம்மா சொல்வது, வலது பக்கம் கன்னடத்திலும் இந்தியிலும் அதன் அர்த்தம். ஒண்ணுக்கு, கொல்லைக்கு, தாகம், நோவுது, குளுருது, எறவாணம், தாவாரம். அம்மாவின் அக்காவுக்கு 84 வயது, போளூரில் இருக்கிறார். அவருக்குப் போன் போட்டுத்தான் பாதிச் சொல்லை வாங்கினேன். ஒவ்வொன்றையும் அவர் மறுமுனையில் சொல்லிப் பார்த்துவிட்டு, "இதெல்லாமா இன்னும் அவ பேசறா?" என்று கேட்டார்.

டிசம்பரில் ஒருநாள் மறுபடி விடிகாலையில் போனேன். இப்போது முன்கூட்டிச் சொன்னால் அந்த நேரத்துக்கும் விடுகிறார்கள். ஒடிசாப் பெண் விளக்கைப் போட்டு, அம்மாவின் கன்னத்தைத் தொட்டு, "அஜ்ஜி, கொல்லைக்குப் போலாமா?" என்றாள். 'ல்ல' அவளுக்குச் சரியாக வரவில்லை. அம்மா கண்ணைத் திறந்து அவளை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு காலைக் கீழே தொங்கவிட்டுச் செருப்பைத் தேடினார். "சொம்பு எங்க?" என்றார். அந்தப் பெண் அட்டையைப் பார்த்தாள். சொம்பு அதில் இல்லை. நான் கையால் காட்டினேன். ஓடிப்போய்த் தன்னுடைய பிளாஸ்டிக் மக்கை எடுத்துவந்து அம்மா கையில் கொடுத்தாள். அம்மா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுந்தார்.

அந்த வாரமே அல்சூர் பஜார் தெருவில் ஒரு சின்னப் பித்தளைச் சொம்பு வாங்கிக் கொண்டுபோனேன். ஹோமில் ஒவ்வொருவருக்கும் உடைமைப் பட்டியல் ஒன்று இருக்கும். எதைக் கொண்டுபோனாலும் அதில் ஏற்ற வேண்டும். கண்ணாடி 1, பல்செட் 1, சால்வை 2, வாக்கர் 1 என்று இங்கிலீஷில் டைப் அடித்திருந்தது. அதன் கீழே அந்தப் பெண் பேனாவால், அவளுக்குத் தெரிந்த இந்தி எழுத்தில், மெதுவாக எழுதினாள்: சொம்பு, 1.